கறுப்புக்குள் நீலம்: கிளிங் கிளிங் பறவையைப் படமெடுக்க பெங்களூரு மொட்டை மாடியில் பயிற்சி

ஜமைக்காவில் நீங்கள் காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலியின் முதுகில் வந்து உட்காரும் ஒரு கறுப்புப் பறவை உண்டு. அதன் குரலை வைத்தே அந்த ஊர்க்காரர்கள் அதைக் கிளிங் கிளிங் என்கிறார்கள். போர்ட்டோ ரீக்கோவில் அதே பறவைக்குச் சாங்கோ என்று பெயர், டொமினிக்கன் குடியரசில் சின்ச்சிலின். புத்தகப் பெயர் பெரிய அண்டிலீஸ் கிராக்கிள், அறிவியல் பெயர் குவிஸ்கலஸ் நைஜர். நேரில் பார்த்தால் ஊதாவும் நீலமும் பச்சையுமாக மின்னும். படத்தில் பெரும்பாலும் பறவை வடிவத்தில் வெட்டிய கரித்துண்டு போல வந்து நிற்கும்.

பறவை கூச்சப்படுவதால் இப்படி ஆவதில்லை. அது இரண்டு மீட்டருக்குள் வந்து நிற்கிற பறவை. மினுமினுக்கும் கறுப்பை எப்படிப் படமெடுப்பது என்று ஊரிலேயே பழகாமல், விடுமுறையின் முதல் காலையில் பழக ஆரம்பிப்பதுதான் காரணம். பெங்களூருவில் இருக்கிறவர்களுக்கு அந்தப் பயிற்சிக்கு வேண்டிய எல்லாம் வீட்டு மாடியிலேயே இருக்கிறது. காகத்துக்குச் சோறு வைக்கும் வழக்கமுள்ள வீடென்றால் பாதி வேலை முடிந்தது.

முதலில் பறவையைத் தெரிந்துகொள்ளுங்கள்

கிராக்கிள் காக்கை இனமும் அல்ல, மைனா இனமும் அல்ல. அமெரிக்கக் கண்டங்களுக்கே உரிய இக்டெரிடே குடும்பத்தைச் சேர்ந்தது. நம் மலை மைனாவைப் பழைய ஆங்கிலப் பறவை நூல்கள் கிராக்கிள் என்றே எழுதியிருப்பதால் பலருக்குக் குழப்பம். பெயரில் மட்டும்தான் உறவு.

கியூபா, ஜமைக்கா, கேமன் தீவுகள், ஹெய்ட்டியும் டொமினிக்கன் குடியரசும் சேர்ந்த ஹிஸ்பானியோலா, போர்ட்டோ ரீக்கோ ஆகியவையே இதன் வீடு. 25 முதல் 30 செ.மீ. நீளம், அதாவது நம் கரிச்சான் அளவு, ஆனால் உடல் இன்னும் கனம். நீளமான கூர் அலகு. வளர்ந்த பறவைக்கு எலுமிச்சை மஞ்சள் கண். வால்தான் அடையாளம்: இரண்டு பக்கமும் மேலே எழும்பி நடுவில் பள்ளமாக மடிந்து, பின்னாலிருந்து பார்த்தால் ஆங்கில வி எழுத்துப் போல இருக்கும். பெட்டைக்கு வாலும் குட்டை, மினுப்பும் குறைவு. குஞ்சுப் பருவம் தாண்டாததற்குக் கண் பழுப்பு.

அங்கே இதோடு குழப்பிக்கொள்ளக்கூடிய மற்ற கறுப்புப் பறவைகளில் ஷைனி கௌபேர்டு இதைவிடச் சிறியது, கண் கறுப்பு. ஆனி பறவையின் அலகு மேலே மேடு தட்டிக் கனமாக இருக்கும், வால் தளர்ந்து தொங்கும். ஜமைக்கக் கரும்பறவை மலைக்காட்டில் வாழ்வது, குட்டை வால், ஓட்டல் தோட்டத்தில் பார்க்கவே முடியாது. மஞ்சள் கண், மடிந்த வால் இரண்டும் சேர்ந்திருந்தால் சந்தேகம் வேண்டாம். ஒரு எச்சரிக்கை: 2024 ஜூன் 29 அன்று இந்திய அணி டி20 உலகக் கோப்பையை வென்ற பார்படோசுக்குப் போகிறீர்கள் என்றால், அங்கே மேசைக்கு வருவது கரீப் கிராக்கிள் என்ற வேறு இனம், கொஞ்சம் சிறியது. அதற்கும் மஞ்சள் கண்தான். படமெடுக்கும் முறையிலும் மாற்றமில்லை, படத்துக்குக் கீழே எழுதும் பெயரில் மட்டும் கவனமாக இருங்கள்.

கறுப்பு ஏன் ஏமாற்றுகிறது

மழை நின்ற பிறகு சாலைத் தேக்கத்தில் பெட்ரோல் சொட்டினால் வண்ணம் வண்ணமாகத் தெரியுமே, இறகிலும் அதே கதைதான். இறகின் நுண்கிளைகளில் மெலனின் துகள்கள் வரிசையாக அடுக்கியிருக்கும், அவற்றுக்கு மேலே கெராட்டின் என்ற மெல்லிய படலம். ஒளி படலத்தின் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டுத் திரும்பும்போது சில நிறங்கள் ஒன்றுகூடிப் பளிச்சிடும், சில ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். எந்த நிறம் கூடும் என்பதைத் தீர்மானிப்பது கோணம். அதனால்தான் நீங்கள் ஓர் அடி நகர்ந்தாலும் ஊதா நீலமாகிறது, நீலம் அணைந்து கறுப்பாகிறது.

இதிலிருந்து கிடைக்கும் முதல் பாடம்: லென்ஸ் விலையைவிட நீங்கள் நிற்கும் இடம் முக்கியம். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். உங்கள் நிழல் பறவையை நோக்கி நீள வேண்டும், நேராக அல்ல, பத்து இருபது பாகை ஒதுங்கி. சூரியன் தொடுவானிலிருந்து 30 பாகைக்குக் கீழே இருக்கும் வரை நல்ல நேரம். பெங்களூரு 13 பாகை வடக்கில் இருப்பதால் சூரியன் மணிக்குச் சுமார் 15 பாகை வீதம் மளமளவென்று ஏறிவிடும். ஆகவே உதயத்திலிருந்து இரண்டு மணி நேரம்தான் கணக்கு. இங்கே உதயம் ஆண்டின் போக்கில் 5.50க்கும் 6.45க்கும் இடையில் மாறும். ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்டின் நடுப்பகுதியிலும் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்துவிடும். அப்போது எடுத்தால் முதுகு மட்டும் வெள்ளையாக வெந்து, முகமும் வயிறும் இருண்டுவிடும். ஜமைக்கா 18 பாகை வடக்கு, ஏறக்குறைய இதே கதை. இங்கே வளர்த்துக்கொண்ட நேரப் பழக்கம் அங்கே அப்படியே பலிக்கும்.

மேகமூட்டமான ஜூலைக் காலையை வீண் என்று விட்டுவிட வேண்டாம். வானம் முழுவதும் ஒரே பெரிய விளக்காகிவிடுவதால் மினுப்பு மெதுவாக, அகலமாகப் பரவும். பளீரென்ற நீலம் வராது, ஆனால் ஒவ்வொரு இறகின் விளிம்பும் தெரியும்.

இரண்டாவது சிக்கல் கேமராவுக்குள் ஒளியை அளக்கும் மீட்டர். எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறமாக்கவே பார்க்கும். சட்டகம் முழுக்கக் கறுப்புப் பறவை நிறைந்திருந்தால் ஒளியைக் கூட்டிக் கறுப்பைச் சாம்பலாக்கும், நீல மினுப்பை வெளுக்க வைக்கும். சின்னப் பறவைக்குப் பின்னால் வெள்ளை வானம் இருந்தால் ஒளியைக் குறைத்துப் பறவையை நிழலுருவாக்கும். ஒரே பறவைக்கு இரண்டு எதிரெதிர்த் தவறுகள். "கறுப்புப் பறவைக்கு எப்போதும் மைனஸ் ஒன்று", அதாவது மீட்டர் சொல்வதைவிட ஒரு ஸ்டாப் (பாதி) ஒளி குறை, என்று யாராவது சொன்னால் பின்னணி என்ன என்று திருப்பிக் கேளுங்கள்.

மாடியில் காகம்

வீட்டுக் காகத்தைப் போல நல்ல ஆசிரியர் வேறில்லை. நெற்றி, தொண்டை, இறக்கை மூன்றும் மினுக்குக் கறுப்பு, கழுத்துப் பட்டை சாம்பல். ஸ்டூடியோக்காரர்கள் காசு கொடுத்து வாங்கும் சாம்பல் அட்டையை இது கழுத்திலேயே சுமந்துகொண்டு வருகிறது. கழுத்துப் பட்டை படத்தில் நடுத்தரச் சாம்பலாக வந்திருந்தால் உங்கள் எக்ஸ்போஷர் (படத்துக்கு விட்ட ஒளி அளவு) ஏறக்குறைய சரி. வெளிறியிருந்தால் கூடிவிட்டது, கரியாக இருந்தால் குறைந்துவிட்டது. அண்டங்காக்கைக்கு இந்த வசதி இல்லை, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சோற்று உருண்டையை மாடியின் மேற்குக் கைப்பிடிச் சுவரில் வையுங்கள். நீங்கள் கிழக்கே, சூரியனுக்கு முதுகு காட்டி, நான்கைந்து மீட்டர் தள்ளி இருங்கள். நின்றபடி லென்ஸை நீட்டினால் காகம் வராது. கல் எறியப் போவதாக நினைக்கும். மாடிப்படி அறையின் வாசல் கிழக்கில் அமைந்திருந்தால் அதில் முக்காலி போட்டு உட்காருவது உத்தமம். முதல் மூன்று நாள் கேமரா இல்லாமல் உட்காருங்கள், நான்காம் நாள் மடியில் கேமரா, ஐந்தாம் நாள் படம். சோறு வைக்கும் நேரம் தினமும் ஒன்றாக இருக்கட்டும். உப்பும் மசாலாவும் சேர்க்காத வெறும் சோறு போதும்.

இப்போது பயிற்சி. ஒரே காகத்தை மூன்று பின்னணியில் எடுங்கள். சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவருக்கு முன்னால் இருந்தால் அப்பர்ச்சர் மோடில் காம்பன்சேஷன் (மீட்டர் கணக்கைக் கூட்டிக் குறைக்கும் டயல்) பிளஸ் 1. கறுப்புச் சின்டெக்ஸ் தொட்டிக்கு முன்னால் இருந்தால் மைனஸ் 1.3. பக்கத்து வீட்டு வேப்பிலைப் பச்சைக்கு முன்னால் இருந்தால் பூஜ்யம். காகம் மூன்று இடங்களுக்கும் மாறி மாறிப் போகும்போது டயலைத் திருப்பித் திருப்பி விரல் நோகும். அந்த எரிச்சல் வந்த பிறகுதான் ஒளி அளவை நாமே நிறுத்திவைக்கும் மேனுவல் மோடின் அருமை புரியும்.

எங்கள் உறுதியான சிபாரிசு மேனுவல்தான். வெயில் மாறாதவரை பறவை மேல் விழும் ஒளியும் மாறாது, பின்னணி எப்படிப் போனால் என்ன? தெளிந்த முழு வெயிலில் ஐஎஸ்ஓ 400, எஃப்/5.6 என்றால் சாதாரணப் பொருளுக்கு 1/3200 நொடி. கறுப்பு இறகுக்குள் விவரம் வேண்டும் என்பதால் மூன்றில் இரண்டு ஸ்டாப் திறந்து 1/2000. உதயமாகி ஒரு மணி நேரத்தில் வெயிலுக்கு அந்த வலு இருக்காது, இன்னொரு ஸ்டாப் திறந்து 1/1000இல் தொடங்குங்கள். ஒரு படம் எடுத்துவிட்டு ஹிஸ்டோகிராமை, அதாவது இருளை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டும் வரைபடத்தைப் பாருங்கள். இடது ஓரத்தைத் தொட்டும் தொடாமலும் குன்று இருக்க வேண்டும். ஓரத்தில் சுவர் போலக் குவிந்திருந்தால் விவரம் செத்துவிட்டது.

இங்கே ஒரு நுணுக்கம். வெள்ளைக் கோடு மட்டும் காட்டும் ஹிஸ்டோகிராம் போதாது, சிவப்பு பச்சை நீலம் மூன்றையும் தனித்தனியாகக் காட்டுவதை இயக்குங்கள். மினுப்பில் நீலம் மட்டும் வலது ஓரத்தில் முட்டி வெட்டுப்பட்டிருக்கும், மொத்தக் கோடு சாதுவாக நடுவில் இருக்கும். அப்படி வெட்டுப்பட்டால் ஊதா மினுப்பு வெளிறிய திட்டாக மாறிவிடும், பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. மூன்றில் ஒரு ஸ்டாப் குறையுங்கள். ரா கோப்பாக (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) எடுங்கள். ஜேபெக்கில் இருண்ட பகுதிகளைத் தூக்கினால் கட்டம் கட்டமாக உடையும்.

போலரைசர் ஃபில்டரைக் கழற்றி வைத்துவிடுங்கள். இலைப் பளபளப்பைக் குறைப்பது போலவே இறகின் மினுப்பையும் அது தின்றுவிடும், கூடவே ஒன்றிலிருந்து இரண்டு ஸ்டாப் ஒளியையும்.

கைபேசியில் எடுப்பவர்கள் பறவையின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டிவிட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுங்கள். பறவை கறுப்பாகவே தெரியும், மினுப்பு திரும்பி வரும்.

குயிலும் கரிச்சானும்

காகம் கைவந்ததும் கப்பன் பூங்காவுக்கோ லால்பாக்குக்கோ போய் ஆண் குயிலைத் தேடுங்கள். மார்ச் முதல் ஜூலை வரை அதுவே கூவி இடம் காட்டும். ஆல், அரசு, அத்தி பழுத்திருக்கும் மரமென்றால் வெளியே வந்து தின்னும். நீலம் பாய்ந்த கறுப்பு, வெளிர்ப் பச்சை அலகு, ரத்தச் சிவப்புக் கண். இங்கே கற்க வேண்டியது இரண்டு. ஒன்று, இலைகளில் பட்டுத் திரும்பும் பச்சை ஒளி மினுக்கு இறகில் அப்படியே ஒட்டிக்கொள்ளும். படத்தில் குயில் பாசி பிடித்தது போல வரும். அதற்குக் கேமராவின் நிறச் சமனான ஒயிட் பேலன்ஸை மாற்றுவது வீண். வெயில் நேரடியாகப் படும் கிளைக்கு அது நகரும் வரை காத்திருப்பதே மருந்து. இரண்டு, முன்னால் குறுக்கிடும் இலையைக் கேமரா பிடித்துக்கொள்ளாமல் இருக்க ஒற்றைப் புள்ளி ஃபோகஸைக் கண்ணில் வையுங்கள். குயில் உட்கார்ந்தால் அசையாது, 1/250 போதும்.

குயிலின் குரலைக் கைபேசியில் போட்டு அழைக்காதீர்கள். இணைதேடும் காலத்தில் எதிரி வந்ததாக நினைத்து இரை தேடுவதை விட்டு அலையும். உங்களுக்கு ஒரு படம், அதற்கு ஒரு காலை நட்டம்.

ஃபோகஸ் பயிற்சிக்குக் கரிச்சான், நம் பக்கத்தில் இரட்டைவால் குருவி என்பார்களே அது. ஹெசரகட்டா புல்வெளி, ஹெப்பால் ஏரிக்கரை, நகர ஓரத்தில் மாடு மேயும் எந்த வெளியிலும் கம்பியில் உட்கார்ந்திருக்கும். கறுப்பு முகத்தில் இருண்ட கண், கேமராவின் கண் கண்டுபிடிக்கும் வசதி திணறிப்போகும். கறுப்பு இறகில் வேறுபாடே இல்லாததால் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடும். அலகின் மூலையில் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி இருக்கும், ஃபோகஸ் புள்ளியை அதில் வையுங்கள். அது கண்ணுக்கு ஒட்டியே இருப்பதால் கண்ணும் கூர்மையாக வந்துவிடும். தலையை ஒளிப்பக்கம் திருப்பும்போது மட்டும் கண்ணில் ஒரு பொட்டு வெளிச்சம் விழும். அந்த நொடியில்தான் பொத்தானை அழுத்த வேண்டும், மற்ற நேரத்தில் முகமே இருக்காது. இதற்கு விரல் பழகுவதற்கு இரண்டு மூன்று காலை பிடிக்கும்.

கரிச்சான் பூச்சியைப் பிடித்துவிட்டுப் பெரும்பாலும் அதே கம்பிக்குத் திரும்பும். கம்பியில் ஃபோகஸ் வைத்துப் பூட்டி, 1/2000க்குக் குறையாமல் தொடர் படமாக எடுத்தால் விரிந்த வால் கிடைக்கும். வால் கோணம் பிடிக்கும் இந்தப் பழக்கம் கிராக்கிளிடம் நேராக உதவும்.

இந்த மூன்றையும் செய்தவருக்குக் கிளிங் கிளிங் எளிது. மஞ்சள் கண் கறுப்பு முகத்தில் விளக்குப் போல எரிவதால் கேமரா அதை ஒரே பிடியாகப் பிடித்துக்கொள்ளும்.

தீவில் இறங்கிய பிறகு

கேமராக் கடிகாரத்தை முதலில் மாற்றுங்கள். ஜமைக்கா நம்மைவிட 10.30 மணி நேரம் பின்னால். அங்கே காலை 7 மணி என்றால் இங்கே மாலை 5.30. மாற்றாமல் விட்டால் உங்கள் காலைப் படங்களெல்லாம் மாலைப் படங்களாகப் பதிவாகி, எந்த ஒளி நன்றாக வந்தது என்று பின்னால் கணக்குப் பார்க்க முடியாது. இந்தத் தீவுகளில் மின்சாரம் 110 முதல் 120 வோல்ட், தட்டைக் கால் பிளக். உங்கள் சார்ஜரில் 100–240 என்று அச்சிட்டிருந்தால் கால் மாற்றும் அடாப்டர் மட்டும் போதும்.

ஏசி அறையிலிருந்து கேமராவை நேராகக் கடற்கரைக்கு எடுத்துப் போனால் கண்ணாடி வியர்த்துவிடும். துடைத்தாலும் திரும்பத் திரும்ப வியர்க்கும், அதற்குள் நல்ல ஒளி போய்விடும். கிளம்புவதற்கு அரை மணி முன்பே பையை மூடியபடி பால்கனியில் வைத்துவிடுங்கள். கடற்காற்றில் உப்பு இருக்கும். இரவில் ஈரம் பிழிந்த மெல்லிய துணியால் லென்ஸின் வெளிப்புறத்தைத் துடைத்து, சிலிகா ஜெல் போட்ட பையில் வையுங்கள்.

பெரிய லென்ஸ் தேவையே இல்லை. 70–200 அல்லது 70–300 போதும். தாழ்நிலத் தோட்டம், ஓட்டல் புல்வெளி, வாகன நிறுத்தம், அலையாத்திக் கரை எல்லாம் இதன் இடம். கிங்ஸ்டனில் ஹோப் தாவரவியல் பூங்காவில் தேடலாம். மாலையில் கூட்டமாகப் பனை, தென்னை மரங்களில் அடையும், இரைச்சல் தூரத்திலேயே கேட்கும்.

வெண்மணல் உங்களுக்குக் கிடைத்த இலவசப் பிரதிபலிப்பான். வெயில் மணலில் பட்டு மேலே எழும்பி வயிற்றையும் தாடையையும் நிரப்பும், ஊரில் சிமென்ட் மாடியில் கிடைக்காத ஒளி. மீட்டர் மட்டும் ஏமாறும், மேனுவலில் இல்லையென்றால் பிளஸ் 1 வையுங்கள். தரையோடு தரையாகப் படுத்து எடுங்கள். நின்றபடி கீழ்நோக்கி எடுத்தால் முதுகும் மணலும்தான் மிஞ்சும்.

வாலைக் காட்டாத கிராக்கிள் படம் அரைப் படம். நேர்ப் பக்கவாட்டில் எடுத்தால் மடிப்பு மறைந்து கரிச்சான் போலவோ சிறிய காகம் போலவோ தோன்றும். பறவையின் பின்பக்க ஓரத்தில், முக்கால் கோணத்தில் நில்லுங்கள். அது திரும்பி உங்களைப் பார்க்கும்போது மஞ்சள் கண், மடிந்த வால், முதுகின் ஊதா மூன்றும் ஒரே படத்தில் விழும். ஆண் குரல் கொடுப்பதற்கு முன் உடலைச் சிலுப்பிப் பெரிதாக்கும். எழும்பிய ஒவ்வொரு இறகும் வேறு கோணத்தில் இருப்பதால் ஒரே உடலில் நான்கு நிறம் தெரியும். சிலுப்பத் தொடங்கியதுமே தொடர் படம் எடுக்க ஆரம்பித்துவிடுங்கள், குரல் வந்த பிறகு அழுத்தினால் இறகு படிந்திருக்கும்.

ரொட்டித் துண்டு போட்டு வரவழைக்க வேண்டாம். அழைக்காமலே வருகிற பறவை அது. மேசை மேல் ஏறப் பழக்கினால் அடுத்து உட்காருபவர் துரத்தி அடிப்பார். கூட்டமாகக் கூடுகட்டும் மரத்தடியில் நின்று எடுக்கவும் வேண்டாம், பெற்றோர் கூட்டை விட்டுப் பறந்து நிற்கும் நேரம் குஞ்சுக்கு வெயில்.

திரும்பி வந்து கணினியில்

ஒயிட் பேலன்ஸை 5200–5500 கெல்வினில் நிறுத்துங்கள். ஆட்டோவில் விட்டால் நீல மினுப்பைத் தவறென்று நினைத்து அது மஞ்சளைச் சேர்க்கும். இருண்ட பகுதியைத் தூக்கும் ஷேடோஸ் 20, 30ஐத் தாண்ட வேண்டாம். தாண்டினால் பறவை சாம்பல் பூசியது போலாகி நாய்ஸ் மேலே வரும். ஷேடோஸைத் தூக்கிய அளவுக்கு பிளாக்ஸைக் கொஞ்சம் கீழே இழுங்கள், கறுப்பு கறுப்பாகவே நிற்கும். சாச்சுரேஷனைத் தொடவே தொடாதீர்கள். நிறம் போதவில்லை என்றால் நீங்கள் நின்ற இடம் தவறு, அதைக் கணினியில் திருத்த முடியாது.

சில படங்களில் பறவை எவ்வளவு முயன்றாலும் பழுப்பாகவே இருக்கும். அது உங்கள் தவறல்ல. இறகுதிர்ப்புக்கு முன்னால் பழைய இறகு வெயிலில் வெளுத்துத் தேய்ந்து பழுப்பாகும், புது இறகு முளைத்த பின்தான் மினுப்பு திரும்பும். மாடிக் காகத்தின் இறக்கையிலும் இதைப் பார்க்கலாம், பழைய இறகும் புது இறகும் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு நிறமாக இருக்கும். அந்தப் படங்களை நீலமாக்க முயலாமல் தேதியோடு அப்படியே வைத்திருங்கள். எந்த மாதம் இறகு உதிர்கிறது என்பதற்கு அதுவே பதிவு.

வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது கறுப்புப் பகுதிகள்தான் முதலில் உடையும். நீள் பக்கம் 2048 பிக்சலுக்குக் குறைத்து, எஸ்ஆர்ஜிபி வண்ணத்தில் சேமித்து, படமாக அல்லாமல் கோப்பாக இணைத்து அனுப்புங்கள்.